சிலிக்கா ஜெல்: வைப்பதும் வறுப்பதும் வீசுவதும்

சேலத்துக்காரர்களுக்குச் சிலிக்கா ஜெல்லை அடையாளம் சொல்வது எளிது. புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்கும் சின்னப் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டினால் ஜவ்வரிசி மாதிரியே இருக்கும். இந்த ஊரில் அதுவே முதல் ஆபத்தும்கூட. 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள, பாதி வெள்ளையும் பாதி கண்ணாடியுமான அந்த உருண்டைகளைப் பெயர் எழுதாத டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தால், என்றைக்காவது ஒருநாள் பாயசத்துக்குப் போய்விடும். ஆகவே சமையலறையில் வைக்கவே வேண்டாம். சந்தேகம் வந்துவிட்டால் ஒரு தம்ளர் தண்ணீரில் நாலு மணிகளைப் போட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த ஜெல் சட்சட்டென்று வெடிக்கும். ஏற்கெனவே ஈரம் குடித்தது சத்தம் போடாது, ஆனால் மணிக்கணக்கில் ஊறினாலும் விரலில் நசுங்காது. ஜவ்வரிசி நசுங்கும். இரண்டும் கலந்துவிட்டது என்று தெரிந்தால் பொறுக்கி எடுக்க உட்காராதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

பெயரில் ஜெல் இருந்தாலும் இது கெட்டியான பொருள். சோடியம் சிலிகேட் கரைசலில் அமிலம் சேர்த்தால் கூழ் போல உறையும். அதைக் கழுவிக் காயவைத்தால் நுண்துளைகள் நிறைந்த மணி கிடைக்கும். ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரும். காற்றிலுள்ள நீராவி அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் நடப்பது. வேதி மாற்றம் எதுவும் இல்லை, மணி வீங்குவதில்லை, கரைவதில்லை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் குடித்த மணியும் தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரண்டு வருஷம் பீரோவில் கிடந்த பொட்டலம் என்றைக்கோ நிரம்பிவிட்டது, அது வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

நிரம்பிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறத்தைப் பார்க்கலாம், அல்லது எடை போடலாம்.

வெள்ளை ஜெல்லில் நிறம் மாறாது. நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு பூசியிருக்கும். ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு ஜெல்லில் கோபால்ட் இல்லாத வேறு சாயம். வகையைப் பொறுத்து கரும்பச்சையாகவோ நிறமற்றோ போகும். கோபால்ட் குளோரைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. 2008-இல் அதைக் கவலைக்குரிய வேதிப்பொருட்கள் பட்டியலிலும் சேர்த்தது. விலை குறைவு, நிறம் பளிச்சென்று தெரியும் என்று நீலம் இன்னும் விற்கிறது. வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆரஞ்சு வாங்குங்கள். அதுகூட முழுக்கத் தேவையில்லை. வெள்ளையோடு பத்தில் ஒரு பங்கு ஆரஞ்சைக் கலந்தால் போதும், நிறம் காட்டும் வேலையை அந்தக் கொஞ்சமே செய்துவிடும்.

எடை முறை இன்னும் நம்பகமானது. நன்றாகக் காய்ந்த 100 கிராம் வெள்ளை ஜெல்லை மெல்லிய பருத்தித் துணிப் பையில் போட்டுத் தைத்து, பையோடு எடை போட்டு, அந்த எண்ணையும் தேதியையும் துணிமேலேயே அழியாத மையால் எழுதிவிடுங்கள். சமையலறைத் தராசில் 20 கிராம் ஏறியிருந்தால் வறுக்கும் நேரம் வந்துவிட்டது.

முதலில் பெட்டி, பிறகுதான் ஜெல்

ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் கேமரா லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூசணம் படர்வதைப் பார்த்தவர்கள், பீரோவில் பத்துப் பொட்டலம் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். தப்பிக்க முடியாது. பீரோ கதவின் இடுக்கில் காற்று போய்வந்துகொண்டே இருக்கும். ஏற்காட்டு மூடுபனி முழுவதையும் உலர்த்த எத்தனை மூட்டை ஜெல் இருந்தாலும் ஆகாது. காற்றுப் புகாத பெட்டிக்குள் மட்டுமே ஜெல்லுக்கு மதிப்பு.

கணக்குப் போட்டால் புரியும். 20 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் சுமார் 17 கிராம். அப்படியானால் 20 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிராம்தான் இருக்கும். ஜெல் 100 கிராம் வைத்தால், ஈரப்பதம் 40 சதவீதத்தில் நிற்கும்போதே அது சுமார் 20 கிராம் பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் மாறினாலும் 60 தடவை தாங்க வேண்டும். நடப்பில் தாங்காது. காரணம் காற்று இல்லை. பெட்டிக்குள் வைக்கும் துணி வார், தோல் உறை, அட்டைப் பெட்டி, காகிதம் எல்லாம் தங்களுக்குள் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வெளி ஈரமும் சேரும். ஆகவே கேமராவின் துணிப் பையை வெளியே எடுத்துவிட்டு, கருவியை மட்டும் வையுங்கள்.

20 லிட்டர் பெட்டிக்கு 100 முதல் 150 கிராம் போதும். மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் கொக்கியும் உள்ள பெட்டியாகப் பாருங்கள். வளையம் பிடிக்கிறதா என்று சோதிக்க ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நாலு பக்கமும், மூலைகளிலும் இதைச் செய்ய வேண்டும். புதிதாய் வறுத்த ஜெல் மூன்றே நாளில் நிறம் மாறினால் குறை ஜெல்லில் இல்லை, மூடியில்.

உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வைப்பது நல்லது. மலிவானவை ஐந்து, பத்து சதவீதம் தப்பாகக் காட்டும். சோதிக்க வழி உண்டு: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் களியாக நிற்கும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு ஒரு காற்றுப் புகாத டப்பாவில் 8 மணி நேரம் மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறதோ அதைக் குறித்துவைத்து, கூடுதலானால் கழித்தும் குறைவானால் கூட்டியும் கொள்ளுங்கள். லென்ஸுக்கு 40 முதல் 50 சதவீதம் சரியான அளவு. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் முளைக்கும்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் போய்வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். 1,515 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. பெட்டி முழுக்க இறுக்கமாக இல்லாவிட்டால் உள்ளிருக்கும் காற்றில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கொண்டை ஊசி வளைவுகளிலேயே கசிந்து வெளியேறும். இறங்கும்போது அதே அளவு வெளிக்காற்று உள்ளே வரும். இரண்டு ஊருக்கும் இடையே வெப்பமும் எட்டு டிகிரி வாக்கில் மாறும். குளிர்ந்த கேமராவைச் சேலம் வந்ததும் வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். இறங்குவதற்கு முன் பெட்டியை மூடுங்கள், வீடு வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது

வெள்ளிக் கொலுசு கறுப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள கந்தக வாயுக்கள். ஈரம் அதை வேகப்படுத்துகிறது. செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ வாங்கிய கொலுசை ஜிப் பூட்டும் பாலித்தீன் உறையில் 5 கிராம் பொட்டலத்தோடு போட்டு, காற்றைப் பிதுக்கி மூடினால் நெடுநாள் பளபளப்பாக இருக்கும். அதே உறையில் ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, ஜெல் அதைத் தடுக்காது.

பட்டுப்புடவைமேல் பொட்டலத்தை நேராக வைக்க வேண்டாம். நீல மணி ஈரத்தில் சாயம் விடும். வீணை, மிருதங்கம், தோல் பொருட்கள் இருக்கும் பெட்டியில் ஜெல்லைக் குறைத்தே வைக்க வேண்டும். ஈரம் ஒரேயடியாகப் போனால் மரம் வெடிக்கும், தோல் விறைக்கும். மாத்திரை பாட்டிலுக்குள் வரும் குப்பி அந்த மருந்துக்காகக் கணக்கிட்டு வைத்தது. அதை எடுக்கவும் வேண்டாம், இன்னொன்று சேர்க்கவும் வேண்டாம். கூடுதலாகப் போட்டால் கேப்சூல் உறை நொறுங்கும். தண்ணீரில் விழுந்த கைபேசிக்கு அரிசியைவிட ஜெல் மேல் என்பது உண்மைதான், ஆனால் உடனே அணைப்பதுதான் கைபேசியைக் காப்பாற்றும்.

விதை சேமிப்பவர்களுக்கு ஜெல் பெரிய உதவி. கத்தரி, மிளகாய், தக்காளி, கீரை விதைகளை நிழலில் உலர்த்தியபின், காகித உறையில் போட்டு, விதையின் எடைக்குச் சம எடை காய்ந்த ஜெல்லோடு கண்ணாடி பாட்டிலில் ஒரு வாரம் மூடி வைத்தால் ஈரம் 5 முதல் 7 சதவீதத்துக்கு இறங்கும். பிறகு ஜெல்லை எடுத்துவிட்டு விதையை வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: காப்பி விதைக்கு இந்த வைத்தியம் ஆகாது, அவ்வளவு காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பலா, மா விதைகள் இன்னும் மோசம், காயவைத்தாலே செத்துவிடும்.

உணவோடு வைப்பதென்றால், உணவுக்கென்று குறித்து விற்கும், கிழியாத பொட்டலம் மட்டுமே. உதிரி மணியைத் துணியில் முடிந்து பருப்பு டப்பாவில் போடுவதும், நீல மணி எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோவதும் கூடாது.

வறுப்பது

120 டிகிரி செல்சியஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சிலிக்கா ஜெல்லைத் திரும்பப் புதிதாக்க வேறு ரகசியம் இல்லை. ஆனால் வீட்டில் செய்யும்போது தப்பு நடப்பதற்கு இடம் நிறைய.

1. மணிகளைப் பொட்டலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பல பொட்டலங்களின் உறையில் பிளாஸ்டிக் உண்டு, உருகும். பருத்திப் பையில் உள்ளதையும் பிரித்துக் கொட்டுவதே நல்லது. தூசி பறக்கும், முகக்கவசம் போடுங்கள்.
2. எவர்சில்வர் தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அந்தத் தட்டை இதற்கென்றே ஒதுக்குங்கள்.
3. கேக் செய்யும் மின் ஓவனை 120-இல் வைத்து, சமையலறை ஜன்னலைத் திறந்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் ஓவன் கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும். நீராவி வெளியேற வழி வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.
4. நிறம் திரும்பியதும், அல்லது தட்டோடு எடை இரண்டு முறை ஒரே மாதிரி வந்ததும் நிறுத்துங்கள்.
5. பத்து நிமிடம் ஆறவிட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். முழுக்க ஆறும்வரை திறந்துவைத்தால் அறையின் ஈரத்தைத் திரும்பக் குடிக்கத் தொடங்கிவிடும். கொதிக்கக் கொதிக்கப் போட்டு இறுக்கினால், ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி திறக்கவே வராது. பிளாஸ்டிக் உறையில் சூடாகப் போடக் கூடாது.

நிறம் உள்ள ஜெல் 130-ஐத் தாண்டக் கூடாது. சாயம் கருகிவிட்டால் மணி ஈரம் உறிஞ்சும், ஆனால் பொய் சொல்லும். எப்போது நிரம்பியது என்று காட்டாது. வெள்ளைக்கு 150 வரை பரவாயில்லை. பொட்டலத்தில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மலிவு ஓவன்களின் திருகு காட்டும் எண் 20 டிகிரி வரை தவறலாம். உள்ளே தனியாக ஒரு ஓவன் வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

நீல ஜெல்லைச் சாப்பாடு செய்யும் ஓவனில் வைக்கவே கூடாது.

வாணலியில் வறுக்கலாமா என்று கேட்பார்கள். வெள்ளையை மட்டும், தடித்த பழைய வாணலியில், சின்னத் தீயில், விடாமல் கிளறி வறுக்கலாம். அடியில் இருப்பது தீயும், மேலே இருப்பது காயாது, அரைகுறை வேலைதான். மைக்ரோவேவில் சூடு ஓரிடத்தில் குவிந்து மணிகள் வெடிக்கும். கத்திரி வெயிலில் மாடியில் காயப்போடுவதும் பாதி வேலைதான். வெயிலில் மணி 60 டிகிரிக்குப் போனாலே அதிகம். கெட்டியாக ஒட்டிய ஈரம் அதற்கு இளகாது. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் தட்டு வைத்துக் காயவைக்கும் யோசனை ஏற்காட்டில் இன்னும் வீண்: அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கூடவே ஆவியும் அடிக்கும்.

சூடான மணிகள்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஆறிய ஜெல்லேகூட ஈரம் பிடிக்கும்போது சூட்டை வெளிவிடும். கைநிறையக் காய்ந்த ஜெல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தொட முடியாத அளவுக்குச் சுடும், மணிகளும் தெறிக்கும்.

எத்தனை முறை வறுக்கலாம் என்பதற்கு நிலையான எண் கிடையாது. தூசியும் எண்ணெய்ப் புகையும் துளைகளை அடைக்க அடைக்கக் கொள்ளளவு குறையும். மணிகள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஆகி, 100 கிராம் 10 கிராம்கூடக் குடிக்காத நிலை வந்தால் அனுப்பிவிடலாம்.

கையில், வாயில், கண்ணில்

சிலிக்கா என்றதும் கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் நினைவுக்கு வரும். அந்த நோயைத் தருவது குவார்ட்ஸ் போன்ற படிக வடிவச் சிலிக்கா. ஜெல் படிகம் அல்லாத வடிவம், அந்த ஆபத்து இதில் இல்லை. ஆனாலும் நொறுங்கிய தூள் மூக்கையும் தொண்டையையும் வறட்டும், கண்ணை உறுத்தும். ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். தரையில் சிந்திய மணி டைல்ஸில் கால் வைத்தால் உருளும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதுதான் நிஜமான அபாயம். உடனே பெருக்கி, மிச்சத் தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தொடர்ந்து கையாண்டால் கை வறண்டு வெடிக்கும், கையுறை போடுங்கள்.

குழந்தை இரண்டு மூன்று வெள்ளை மணிகளை விழுங்கிவிட்டால் விஷம் என்று பதற வேண்டாம். வாயில் மிச்சம் இருப்பதை எடுத்து, வாயைக் கழுவி, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பயப்பட வேண்டியது மூச்சுக்குழாய் அடைப்புக்கு: விடாத இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலம் பாரித்தல் இருந்தால் 108. நீலமோ இளஞ்சிவப்போ ஆன மணி என்றால், அளவு குறைவானாலும் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

ஒரே மாதிரி பொட்டலத்தில் வரும் எல்லாம் சிலிக்கா ஜெல் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளே கறுப்புத் தூளாக இருந்து காந்தத்தில் ஒட்டினால் அது இரும்புத் தூள், ஆக்சிஜனை எடுப்பதற்கானது. பீரோவில் தொங்கவிடும், அடியில் தண்ணீர் சேரும் பை கால்சியம் குளோரைடு. அந்தத் தண்ணீர் இரும்பை அரிக்கும், தோலை எரிக்கும், துணியில் சிந்தவிடாதீர்கள். இவற்றில் பொல்லாதது சுட்ட சுண்ணாம்புப் பொட்டலம். வெளிநாட்டு அப்பளம், கடல்பாசித் தின்பண்டங்களில் வரும். வெள்ளைத் தூளாகவோ கட்டியாகவோ இருக்கும். தண்ணீர் பட்டால் கொதிக்கும். பாட்டிலில் தண்ணீரோடு போட்டு மூடினால் வெடித்துக் கண் போகும். பிள்ளைகள் விளையாட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கண்ணில் பட்டால் துகளைத் துடைத்தெடுத்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இருப்பு வைப்பது

கண்ணாடி பாட்டில், ரப்பர் வளைய மூடி, உயரமான அலமாரி. பாட்டில்மேல் மூன்று செய்தி: “சிலிக்கா ஜெல் – தின்னக் கூடாது”, கடைசியாக வறுத்த தேதி, என்ன நிறம். சாதாரண பிஸ்கட் டின் மூடி காற்றை நிறுத்தாது. மெல்லிய பாலித்தீன் உறையும் நீராவியை மெதுவாக விடும். ஜிப் உறையில் வைக்க வேண்டியிருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போடுங்கள். மொத்தமாக ஒரு கிலோ வாங்கினால் 200 கிராமாகப் பிரித்து வையுங்கள். ஒரே பாட்டிலைத் திரும்பத் திரும்பத் திறந்தால் பயன்படுத்தும் முன்பே பாதி நிரம்பியிருக்கும்.

வீசுவது

வேறெதுவும் படியாத வெள்ளை ஜெல்லை உலர் குப்பையோடு கொடுக்கலாம். இறுக்கி முடிந்த உறையில் போட்டுக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கும்போது தூசி பறக்கக் கூடாது. மக்கும் குப்பையில் சேர்க்காதீர்கள், அது மக்காது. சாக்கடையிலும் கழிப்பறையிலும் கொட்டினால் வளைவில் தங்கி அடைக்கும். பொட்டலத்தோடு குவித்துக் கொளுத்துவது எல்லாவற்றிலும் கெட்டது, எரிவது பிளாஸ்டிக்கும் சாயமும்.

நீல ஜெல் தனிக் கணக்கு. கோபால்ட் மண்ணுக்கோ நீருக்கோ போகக் கூடாது. பூந்தொட்டி மண்ணில் கலப்பதும் வேண்டாம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், காலாவதி மருந்து, பேட்டரி, குழல்விளக்கு போன்றவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாக வகுத்தன. நீல ஜெல்லை அந்த வகையோடு, மூடிய பாட்டிலில், மேலே “கோபால்ட் உள்ளது” என்று எழுதி ஒப்படையுங்கள். கல்லூரி ஆய்வகங்கள், தொழிற்கூடங்கள் மாநகராட்சி வண்டியில் போட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம்தான் தர வேண்டும். ஆய்வகத்தில் கரைப்பானை உறிஞ்சிய ஜெல்லை, எந்த நிறமானாலும், அந்தக் கரைப்பானைப் போலவே நடத்த வேண்டும். அதை ஓவனில் வைத்தால் தீப்பிடிக்கலாம்.

மின்மாற்றியின் பக்கவாட்டில் தொங்கும் கண்ணாடிக் குடுவையிலும் இதே மணிகள்தான். எண்ணெய் சூடேறி விரிந்து சுருங்கும்போது உள்ளே போகும் காற்றை உலர்த்துவது அதன் வேலை. அங்கே மாற்றிக் கழித்த மணிகளைக் கிலோக்கணக்கில் யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். மின்மாற்றி எண்ணெய் ஊறிய ஜெல் வறுத்தாலும் திரும்பாது, வறுக்கும்போது புகையும், பெட்டிக்குள் வைத்தால் எண்ணெய் ஆவி லென்ஸில் படியும். உள்ளங்கையில் நாலு மணியை வைத்து வெள்ளைக் காகிதத்தில் அழுத்திப் பாருங்கள். எண்ணெய்க் கறை விழுந்தால் அது அபாயக் கழிவு வழியாகத்தான் போக வேண்டும்.